பழுது விழுந்த பிறகு மின்கட்டமைப்பு நிற்குமா? கணிக்க எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது

2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. காலை 11 மணி தாண்டிச் சில நிமிடங்களில் இலங்கை முழுவதும் மின்சாரம் போனது. பாணந்துறை துணை மின் நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டதுதான் தொடக்கம் என்று அமைச்சர் சொன்னார். ஊரெல்லாம் குரங்கைப் பற்றியே பேச்சு. ஆனால் கட்டமைப்பில் வேலை செய்கிறவர்களின் கவனம் வேறு இடத்தில் இருந்தது. அன்று விடுமுறை நாள், மின்தேவை குறைவு. நல்ல வெயில், அதனால் உற்பத்தியில் சூரிய மின்சாரத்தின் பங்கு மிக அதிகம். சுழலும் பெரிய ஜெனரேட்டர்கள் சிலவே ஓடிக்கொண்டிருந்தன. வேறொரு நாளில் அந்த வட்டாரத்தோடு முடிந்திருக்கக்கூடிய பழுது, அன்று தீவையே இருட்டாக்கியது. நுரைச்சோலை அனல் மின் நிலையத்தின் மூன்று யூனிட்டுகளும் நின்றுபோனதால், அடுத்து வந்த நாட்களிலும் சுழற்சி முறையில் ஒன்றரை மணி நேர மின்வெட்டு.

ஒரே பழுதை ஒரு நாள் தாங்கும் கட்டமைப்பு இன்னொரு நாள் தாங்காமல் போகிறது என்றால், இன்று எந்த நாள் என்று முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும். இயந்திரக் கற்றல் (பழைய தரவிலிருந்து கணினி தானே கற்பது) இதைச் செய்துவிடும் என்று இன்று பலரும் சொல்கிறார்கள். ஆய்வுக் கட்டுரைகளில் 99 சதவீதத் துல்லியம் என்பது சாதாரணமாகிவிட்டது. மின் உற்பத்தியையும் தேவையையும் சமன்செய்யும் லோடு டெஸ்பாட்ச் சென்டரிலோ, மின்செலுத்தல் நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவிலோ உட்கார்ந்து, எதை வாங்குவது, எதை நாமே செய்வது, எதைத் தொடாமல் விடுவது என்று முடிவெடுக்க வேண்டியவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். எம்.டெக். ஆய்வுக்குத் தலைப்பு தேடும் மாணவர்களுக்கும் இது உதவும்.

முதலில், பழுது விழும்போது என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ஒரு கட்டமைப்பில் இணைந்த ஜெனரேட்டர்கள் எல்லாம் ஒன்றோடொன்று ஒத்துச் சுழல்கின்றன. இந்தியாவிலும் இலங்கையிலும் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். ஒரு 400 கே.வி. லைனில் பழுது விழுந்தால், பக்கத்து நிலையத்தின் ஜெனரேட்டரால் மின்சாரத்தை வெளியே தள்ள முடிவதில்லை. டர்பைனுக்கு நீராவி மட்டும் வந்துகொண்டே இருக்கிறது. போக வழியில்லாத அந்தச் சக்தி ரோட்டாரை, அதாவது ஜெனரேட்டரின் சுழலும் பகுதியை, வேகப்படுத்துகிறது. ரிலே பழுதைக் கண்டுபிடித்து, பிரேக்கர் திறந்து, லைன் பிரிய ஏறக்குறைய 100 மில்லிநொடி. அதற்குள் அந்த ரோட்டார் மற்றவற்றை எவ்வளவு முந்திவிட்டது, திரும்ப அணியில் வந்து சேருமா என்பதுதான் கேள்வி. சேரவில்லை என்றால் ஒன்றிரண்டு நொடிகளில் கதை முடிந்துவிடும்.

இது கோண நிலைத்தன்மை. இதைத் தவிர மின்னழுத்த நிலைத்தன்மை, அதிர்வெண் நிலைத்தன்மை என்றும் உண்டு. சோலாரும் காற்றாலையும் பெருகிய பிறகு, அவற்றின் மின்சாரத்தைக் கட்டமைப்புக்கு ஏற்றபடி மாற்றும் இன்வெர்ட்டர்களின் கட்டுப்பாட்டால் வரும் நிலைகுலைவையும் தனி வகையாகச் சேர்த்திருக்கிறார்கள். விற்பனைக்கு வருகிறவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இங்கேதான் இருக்கிறது: உங்கள் மாதிரி (தரவிலிருந்து கற்ற நிரல்) இவற்றில் எதைக் கணிக்கிறது? இலங்கையில் அன்று அடிப்படைச் சிக்கல் நிலைமம் (சுழலும் இயந்திரங்கள் வேக மாற்றத்தை எதிர்க்கும் தன்மை) குறைந்துபோன கட்டமைப்பில் அதிர்வெண் தாங்காததுதான். ரோட்டார் கோணத்தை மட்டும் பார்த்துப் பழகிய மாதிரியிடம் அன்று காலை கேட்டிருந்தால், பயமில்லை என்றே பதில் வந்திருக்கக்கூடும்.

இப்போது கையில் இருப்பது

புதியதை எடைபோடும் முன், இருப்பதைச் சரியாக எடைபோட வேண்டும். நேரப்படியான சிமுலேஷன்தான் இன்றைய அடித்தளம். ஒவ்வொரு ஜெனரேட்டருக்கும், அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னருக்கும், மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்த உதவும் எக்சைட்டருக்கும் சமன்பாடு எழுதி, சில மில்லிநொடிகள் வீதம் நகர்த்திப் பார்ப்பது. கொடுத்த தரவு சரியென்றால் விடையும் சரி. ஆனால் நேரம் பிடிக்கும். அதனால் பருவத்துக்கு ஒருமுறை ஓட்டி, ‘இந்தப் பாதையில் இத்தனை மெகாவாட்டுக்கு மேல் வேண்டாம்’ என்று வரம்பு வைத்துவிடுகிறார்கள். மோசமான நாளை மனத்தில் வைத்துப் போட்ட வரம்பு என்பதால், நல்ல நாளில் பாதையில் இடமிருந்தும் பயன்படுத்த முடியாது. யாரும் நினைக்காத மோசமான நாளில் அந்த வரம்பும் போதாது.

அதோடு சேர்ந்து நிற்பவை சிறப்புப் பாதுகாப்புத் திட்டங்கள். இது நடந்தால் அதைச் செய் என்று முன்கூட்டியே எழுதிவைத்த விதிகள். ஒடிசாவிலிருந்து கர்நாடகத்துக்கு வரும் தால்ச்சர்–கோலார் நேர்மின் பாதை டிரிப் ஆனால் (தானாகத் துண்டிக்கப்பட்டால்), தமிழ்நாடு உட்பட தென் மாநிலங்களில் முன்பே குறித்துவைத்த லோடுகள் தானாகக் கழற்றப்படுவது இப்படி ஒரு திட்டத்தால்தான். விதி முரட்டு விதிதான். ஆனாலும் அது என்ன செய்யும் என்று ஷிப்டில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் தெரியும். இதன் மதிப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

நடுவே ஆற்றல் சார்ந்த நேரடி முறைகள் உண்டு. முழு சிமுலேஷன் இல்லாமல், பழுதின்போது சேர்ந்த சக்தியையும் கட்டமைப்பு உள்வாங்கக்கூடிய சக்தியையும் ஒப்பிட்டுப் பார்ப்பவை. வேகமானவை, அழகானவை. ஆனால் இன்வெர்ட்டர்கள் நிறைந்த கட்டமைப்புக்கு ஏற்ற ஆற்றல் சார்பை, அதாவது அந்தச் சக்தியைக் கணக்கிடும் சூத்திரத்தை, எழுதுவது மிகவும் கடினம். புதிதாகத் தொடங்குகிறவர்களை அந்தப் பக்கம் அனுப்ப எனக்கு மனமில்லை.

முடிவு மரங்கள்

இந்தத் துறையில் இயந்திரக் கற்றல் நேற்று வந்ததில்லை. பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழகத்தில் வெஹன்கெல், பவெல்லா குழுவினர் 1980களின் இறுதியிலேயே முடிவு மரங்களை, அதாவது ஆம்–இல்லை கேள்விகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டு விடைக்கு வரும் மாதிரிகளை, வைத்து நிலைத்தன்மையை மதிப்பிடத் தொடங்கிவிட்டார்கள்.

பழுது விழுவதற்கு முன்பே இது கணக்குப் போடுகிறது. இப்போது எந்தப் பாதையில் எவ்வளவு பாய்கிறது, எந்த யூனிட்டுகள் ஓடுகின்றன, எந்த லைன் பராமரிப்பில் இருக்கிறது, மின்னழுத்தம் எவ்வளவு என்பவற்றைப் பார்த்து, இந்த நிலையில் இந்தப் பழுது விழுந்தால் தாங்குமா என்று சொல்கிறது. இதன் பெரிய பலம், விடையைப் படிக்க முடிவது. ‘தெற்கு நோக்கிய பாய்ச்சல் இந்த அளவைத் தாண்டியிருக்கிறது, அந்த நிலையத்தில் ஒரு யூனிட் நிறுத்தத்தில் இருக்கிறது, ஆகவே ஆபத்து’ என்று மரத்தின் ஒரு கிளை சொல்லும். அதிகாலை மூன்று மணிக்கு ஷிப்டில் இருக்கும் பொறியாளர் அதைப் படித்து, எந்த நிலையத்தின் உற்பத்தியைக் குறைத்தால் அந்தக் கிளையிலிருந்து வெளியே வரலாம் என்று அங்கேயே தீர்மானிக்கலாம். எண்ணை மட்டும் காட்டும் பெட்டியை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?

ஒற்றை மரத்தைவிட நூற்றுக்கணக்கான மரங்களின் கூட்டம் கூடுதல் துல்லியம் தரும், ஆனால் படிப்பது கடினமாகும். இரண்டையும் வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து: கணிக்கக் கூட்டம், காரணம் காட்ட ஒற்றை மரம்.

பழுதுக்குப் பின் பார்க்கும் ஆழ்கற்றல்

ஆய்வுக் கட்டுரைகளில் அதிகம் வருவது இதுதான். பழுது விலகிய உடனே, கட்டமைப்பின் பல இடங்களிலும் நேர முத்திரையோடு அளக்கும் பி.எம்.யூ. கருவிகள் தரும் மின்னழுத்தம், கோணம் ஆகியவற்றின் போக்கை எல்.எஸ்.டி.எம். போன்ற, காலவரிசைத் தரவைக் கற்கும் நரம்பு வலைப்பின்னல் படித்து, நிற்குமா விழுமா என்று சொல்லும். இந்தியக் கட்டமைப்பில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பி.எம்.யூ.க்கள் வந்துவிட்டதால், தரவு இருக்கிறதே, செய்து பார்ப்போமே என்ற ஆசை இயல்பு.

சரி, நேரத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். இவை உத்தேச எண்கள்தான், ஆனால் நடைமுறைக்கு நெருக்கமானவை. பூஜ்யத்தில் பழுது. 100 மில்லிநொடியில் பிரேக்கர் திறக்கிறது. நொடிக்கு 25 அளவீடுகள் என்றால் ஒன்றுக்கு 40 மில்லிநொடி. பழுதும் சுவிட்சிங்கும் கலந்த முதல் அளவீட்டை நம்ப முடியாது. நம்பத்தக்க ஐந்து அளவீடுகள் சேரும்போது 340 ஆகிவிடும். அவை சப்ஸ்டேஷனிலிருந்து மையத்துக்கு வந்து, நேர முத்திரைப்படி வரிசைப்பட இன்னொரு 150. மாதிரியின் கணக்குக்குச் சில மில்லிநொடி. டிரிப் உத்தரவு நிலையத்துக்குப் போய்ச்சேர 50, பிரேக்கர் திறக்க 50. ஆக, 600ஐ நெருங்கிவிட்டோம். மெதுவாக ஆடி இரண்டாவது, மூன்றாவது அலையில் விழும் கட்டமைப்பு என்றால் இது போதும். முதல் அலையிலேயே பிரியும் ஜெனரேட்டர் அதற்குள் கையை விட்டுப் போயிருக்கலாம். கட்டுரையில் ‘கணிப்பு நேரம் 2 மில்லிநொடி’ என்று எழுதியிருந்தால், அது இந்த 600க்குள் ஒரு துளி மட்டுமே.

தவறின் விலையும் இங்கே வேறு. பழுதுக்கு முன் கணிக்கும் மாதிரி தவறாக அலாரம் அடித்தால், தேவையில்லாமல் ஒரு சிமுலேஷன் ஓடும், அவ்வளவுதான். பழுதுக்குப் பின் கணிக்கும் மாதிரி தவறினால், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் 1,000 மெகாவாட் யூனிட்டைக் கழற்றிவிடும். ஏற்கனவே ஆடிக்கொண்டிருக்கும் கட்டமைப்புக்கு அது இரண்டாவது அடி.

வலைவரைபட நரம்புப் பின்னல்கள் பற்றி ஒரு வார்த்தை. சாதாரணப் பின்னலுக்கு உள்ளீடுகளின் அமைப்பு நிலையானது. ஒரு லைன் பராமரிப்புக்குப் போனால் அது கற்றது பொருந்தாமல் போய்விடும். வரைபடப் பின்னல், எது எதோடு இணைந்திருக்கிறது என்பதையே உள்ளீடாக எடுத்துக்கொள்கிறது. அன்றாடம் லைன்கள் நிறுத்தப்படும் நம் கட்டமைப்புக்கு இந்த யோசனை மிகவும் பொருத்தம். மரக்கூட்டம் ஓடத் தொடங்கி ஓர் ஆண்டுக்குப் பிறகு முயல வேண்டிய அடுத்த படியாக இதைத்தான் சொல்வேன். ஆய்வுத் தலைப்பு தேடும் மாணவர்களும் இங்கே தோண்டலாம். ரோட்டாரின் வேகமாற்றத்தைக் காட்டும் சுழற்சிச் சமன்பாட்டையே பயிற்சிக்குள் நுழைக்கும் இயற்பியல் சார்ந்த பின்னல்கள் இன்னும் சிறிய கட்டமைப்புகளில்தான் நன்றாக நிரூபிக்கப்பட்டிருக்கின்றன. இப்போதைக்குப் படித்துவைத்தால் போதும்.

99 சதவீதம் ஏன் போதாது

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். தவறான தேர்வுகள் பெரும்பாலும் இங்கிருந்துதான் தொடங்குகின்றன.

10,000 நிலைமைகள் என்று வைத்துக்கொள்வோம். அவற்றில் 150இல்தான் கட்டமைப்பு விழும். முதல் மாதிரி 80 இடத்தில் தவறுகிறது, துல்லியம் 99.2 சதவீதம். ஆனால் அந்த 80ம் விழப்போவதை ‘நிற்கும்’ என்று சொன்ன தவறுகள். 150இல் பாதிக்கு மேல் கோட்டை விட்டாயிற்று. இரண்டாவது மாதிரி 400 இடத்தில் தவறுகிறது, 96 சதவீதம்தான். அவற்றில் 397 வீண் அலாரம், தவறவிட்டது 3 மட்டுமே. விளம்பரத் தாளில் முதலாவது வெல்லும். என் கட்டமைப்பை நான் இரண்டாவதிடம்தான் ஒப்படைப்பேன்.

அந்த இரண்டாவதை சிமுலேஷனுக்கு முன்னால் ஒரு சல்லடையாக வைத்துப் பாருங்கள். ஒரு சிமுலேஷனுக்கு 20 நொடி, கையில் 16 கோர் கொண்ட கணினி என்றால், 10,000ஐயும் ஓட்ட மூன்றரை மணி நேரம் ஆகும். சல்லடை சந்தேகப்பட்ட 544ஐ மட்டும் ஓட்டினால் 11 நிமிடம். இந்தியாவில் மின் அட்டவணை 15 நிமிடத் துண்டுகளாக நடக்கிறது. ஒரு துண்டு முடிவதற்குள் அடுத்த துண்டுக்கான ஆபத்துப் பட்டியல் மேஜையில் இருக்கும், அதுவும் ஒவ்வொரு பெயரையும் சிமுலேஷனே உறுதிசெய்த பட்டியல். தவறவிட்ட அந்த மூன்று? அனுபவத்தில் ஆபத்து என்று தெரிந்த பழுதுகளைச் சல்லடைக்குள் விடாமல் எப்போதும் நேராக சிமுலேஷனுக்கு அனுப்ப வேண்டும். அப்படியும் மிஞ்சும் அபாயம், பருவத்துக்கு ஒருமுறை வரம்பு வைத்துவிட்டு இருப்பதைவிடக் குறைவு.

இன்னொரு எச்சரிக்கை. ஒரே சுமை நிலையில் இருபது பழுதுகளை ஓட்டி, எல்லாவற்றையும் கலைத்துப்போட்டு 80 சதவீதம் பயிற்சிக்கு, 20 சதவீதம் சோதனைக்கு என்று பிரித்தால், பயிற்சியில் பார்த்த சுமை நிலையே சோதனையிலும் வரும். வினாத்தாளை முந்தின நாளே பார்த்துவிட்ட மாணவனின் மதிப்பெண் அது. சோதனைக்கு வைக்கும் சுமை நிலைகள் முழுக்கத் தனியாக இருக்க வேண்டும். பயிற்சியில் வராத ஒரு லைன் நிறுத்தம், பயிற்சியில் வராத ஒரு மாதம் ஆகியவற்றிலும் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். எண் சட்டென்று இறங்கினால் பயப்பட வேண்டாம், அதுதான் நம்பக்கூடிய எண்.

சிமுலேஷனுக்கே தெரியாதது

எந்த முறையாக இருந்தாலும் பயிற்சித் தரவு பெரும்பாலும் சிமுலேஷனிலிருந்துதான் வருகிறது. உண்மையில் கட்டமைப்பு விழுந்த நாட்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை, அது நல்லதும்கூட. ஆனால் சிமுலேஷனுக்குத் தெரியாத எதுவும் மாதிரிக்கும் தெரியாது.

தெற்கு ஆஸ்திரேலியாவில் 2016 செப்டம்பர் 28 அன்று புயலும் சூறாவளியும் மின்கோபுரங்களைச் சாய்த்தன. இரண்டு நிமிடத்துக்குள் ஆறு முறை மின்னழுத்தம் சரிந்து மீண்டது. காற்றாலைகள் ஒவ்வொரு சரிவையும் தாங்கின. ஆனால் பல காற்றாலைகளின் கட்டுப்பாட்டில், குறிப்பிட்ட நேரத்துக்குள் இத்தனை சரிவுக்கு மேல் வந்தால் உற்பத்தியைக் குறை என்று ஓர் அமைப்பு இருந்தது. கட்டமைப்பை இயக்கியவர்களுக்கு அது தெரியாது. ஏழு நொடிக்குள் 456 மெகாவாட் குறைந்தது. பக்கத்து மாநிலமான விக்டோரியாவிலிருந்து வரும் இணைப்பு அந்தச் சுமையைத் தாங்காமல் பிரிந்தது; கிழக்கு ஆஸ்திரேலிய நேரப்படி மாலை 4.18க்கு மாநிலமே இருண்டது. அதுவரை இருந்த சிமுலேஷனை வைத்து எவ்வளவு ஆழமான வலைப்பின்னலைப் பயிற்றியிருந்தாலும், அந்த ஆறாவது சரிவை அது பார்த்திருக்காது.

2012 ஜூலையில் வட இந்தியாவில் நடந்ததும் யோசிக்க வைக்கிறது. 30ஆம் தேதி அதிகாலை 2.33க்கு 400 கே.வி. பினா–குவாலியர் லைன் டிரிப் ஆனது. அந்த லைனில் பழுதே இல்லை. சுமை மிகுந்து மின்னழுத்தம் தாழ்ந்திருந்ததால், தூரத்து லைன்களுக்கும் காவலாக வைத்திருக்கும் ரிலேவின் மூன்றாம் மண்டலம் அதைத் தூரத்துப் பழுதாக எடுத்துக்கொண்டது. இணையான இன்னொரு சர்க்யூட் தரம் உயர்த்தும் வேலைக்காக நிறுத்தத்தில் இருந்தது. மறுநாளும் அதே லைன், இன்னும் பெரிய இருட்டு. பழுது விழுந்தால்தான் விழித்துக்கொள்ளும் மாதிரி அன்று கடைசிவரை தூங்கிக்கொண்டிருந்திருக்கும். பழுதுக்கு முந்தைய நிலையைப் பார்க்கும் மாதிரிக்கு ஒரு வாய்ப்பு இருந்தது: ஒரு சர்க்யூட் நிறுத்தம், மற்றதில் அதிகப் பாய்ச்சல் என்பது மரத்தின் ஒரு கிளையில் அழகாக உட்காரும். ஆனால் அதற்கும் ரிலே அமைப்புகள் சிமுலேஷனுக்குள் இருந்திருக்க வேண்டும்.

என் தேர்வு

தென்மண்டலம் போன்ற பெரிய கட்டமைப்புக்கு, பழுதுக்கு முன் கணிக்கும் மரக்கூட்டம், அதன் பின்னால் சிமுலேஷன். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. 2013 டிசம்பர் 31 அன்று தென்மண்டலம் நாட்டின் மற்றப் பகுதிகளோடு ஒத்திசைந்து இணைந்த பிறகு, வடக்கில் நடப்பதும் நம்மைத் தொடுகிறது. ஓட்டிப் பார்க்க வேண்டிய பழுதுகளின் எண்ணிக்கை கையால் சமாளிக்கும் அளவில் இல்லை. பழுதுக்குப் பின் கணிக்கும் ஆழ்கற்றலை ஏற்கனவே சிறப்புப் பாதுகாப்புத் திட்டம் உள்ள ஒரே ஒரு நிலையத்தில், ஆலோசனை மட்டும் சொல்லும் நிலையில் வைத்துப் பாருங்கள். பிரேக்கரோடு இணைக்காதீர்கள்.

இலங்கை போன்ற தீவுக்கு வேறு விடை. அங்கே எத்தனை யூனிட் ஓடுகிறது என்பதிலிருந்தே கையிருப்பு நிலைமம் தெரிந்துவிடும். சுழலும் இயந்திரங்களில் 5,000 மெகாவாட்-நொடி ஆற்றல் இருக்கும்போது 300 மெகாவாட் இழந்தால், தொடக்கத்தில் அதிர்வெண் நொடிக்கு 1.5 ஹெர்ட்ஸ் வீதம் இறங்கும். இதற்குப் பள்ளிக் கணிதம் போதும். தெரியாதது ஒன்றுதான்: இந்த நிமிடம் கூரைகளின் மேல் எவ்வளவு சோலார் உற்பத்தியாகிறது, மின்னழுத்தம் சரிந்தால் அதில் எவ்வளவு கழன்றுகொள்ளும்? இயந்திரக் கற்றலுக்கான பணத்தை நான் அங்கே அந்தக் கணிப்பில்தான் போடுவேன்.

இரண்டு இடத்திலும் மாதிரிக்கு முன்னால் முடிக்க வேண்டிய வேலை, ரிலே, இன்வெர்ட்டர், காற்றாலைக் கட்டுப்பாடுகளின் உண்மையான அமைப்புகளைத் திரட்டுவது. ஆரல்வாய்மொழிப் பக்கம் 1990களில் நட்ட சிறிய காற்றாலைகளும் நேற்று வந்த பெரிய காற்றாலைகளும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. மின்னழுத்தம் சரியும்போது இரண்டும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. சிமுலேஷனில் ஒரே பெட்டியாகப் போட்டிருந்தால், முதலில் அதைப் பிரியுங்கள்.

அப்புறம், மே மாதம் காற்று சீசன் தொடங்கும் முன் மாதிரியை ஓடவிடுங்கள், எந்த அதிகாரமும் கொடுக்காமல். மாதிரி ஒன்று சொல்லி சிமுலேஷன் வேறு சொன்ன ஒவ்வொரு நேரத்தையும், அன்று எந்த லைன் நிறுத்தத்தில் இருந்தது, காற்று எத்தனை மெகாவாட், ஷிப்டில் இருந்தவர் என்ன நினைத்தார் என்பதோடு ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். உண்மையாகவே ஒரு லைன் டிரிப் ஆன நாட்களைத் தனி நிறத்தில் குறியுங்கள். அக்டோபரில் சீசன் முடிந்ததும், ஷிப்டுக்காரர்களையும் ஆய்வுப் பிரிவையும் ரிலே பிரிவையும் ஒரே மேஜையில் உட்காரவைத்து, அந்த நோட்டை முதல் பக்கத்திலிருந்து படியுங்கள். கொள்முதல் கோப்பில் கையெழுத்து அதற்குப் பிறகு.